பாயின்ட்ஸ்மேன் காய்த்த கோடை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு வரும். சும்மா உதட்டை விரிக்கிற சிரிப்பு இல்லை; கேட்டவர்கள் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிடுகிற சிரிப்பு. ஆனால் இப்போது வராது. கேட்டாலும் வராது, கெஞ்சினாலும் வராது. அதற்கு முன்னால் ஒரு மனிதர் சாக வேண்டும், அவர் ஊன்றிய விதை முளைக்க வேண்டும், புடலங்கொடி பந்தலேற வேண்டும், கத்திரி வெயில் வந்து காலனியை வறுத்தெடுக்க வேண்டும், ஒரு வீட்டுப் பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டி வேனில் ஏற வேண்டும். அதுவரைக்கும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டிருங்கள்.

சாக வேண்டிய மனிதர் பலவேசம். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். வருகிற வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அந்தத் தடத்துக்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுவது, கொடி காட்டுவது, பெட்டியையும் என்ஜினையும் கோத்துவிடுவது, இதுதான் அவர் உத்தியோகம். என்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. காலனியின் இந்தக் கோடியில் அவர் இருமினால் அந்தக் கோடியில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவிடும். மீசை பெரிசு, பேச்சு கொஞ்சம், சிரிப்பு கிடையவே கிடையாது. பக்கத்தில் யாராவது வேடிக்கையாக எதையாவது சொல்லிவிட்டால் அவர் முகம் சிவந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று தண்டவாளத்துப் பக்கம் நடந்து போய்விடுவார். முசுடு என்று காலனி முடிவு கட்டி ரொம்ப காலமாகியிருந்தது.

அந்த முசுடுக்குக் கடைசி வரிசைக் குவார்ட்டர்ஸில் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஜல்லியும் பழைய கரிச்சாம்பலும் கலந்த ஒரு துண்டு நிலம். பங்குனியில் அதைக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, குளத்து வண்டல் போட்டு, வெண்டை, கத்தரி, கொத்தவரை, பூசணி, பாகல், புடலை என்று ஊன்றி, ஓரத்தில் மல்லிகைக்கும் அந்திமந்தாரைக்கும் பாத்தி கட்டினார். சித்திரையில் ஒரு மத்தியானம் பந்தலுக்குக் கடைசி முடிச்சைப் போட்டவர், கையில் கயிறோடு நிழலில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். அவர் மனைவி உலகம்மாள் மோர் கொண்டுவந்து, சும்மா கண்ணை மூடியிருக்கிறார் என்று நினைத்து, மோர் சூடாகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இனி கோமு. அடுத்த வீட்டுச் செண்பகவல்லியின் மகள், பதினாறு வயசு, பதினொன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தவள். அவள் தொண்டைக்குள் காலனியே குடியிருந்தது. பால்காரர் குரலில் பால்காரரையே திரும்பக் கூப்பிடுவாள். அம்மா குரலில் அப்பாவைக் கூப்பிட்டு உரலைத் தூக்கி இடம் மாற்றச் சொல்வாள், அவர் மாற்றி முடித்ததும் அப்பா குரலில் அம்மாவைக் கூப்பிட்டு, "எவன்ட்டி இதை இங்கன வச்சான்?" என்பாள். ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில் அவள் ஒருநாள் விட்ட வண்டிக்கு, ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மொத்தமும் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரம் மாறி ஓடினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "உலகு, கதவைத் தொற," என்று பலவேசம் குரலில் சொல்லி, உலகம்மாள் ஓடிவந்து திறந்து ஏமாறுவது வாரத்துக்கு ஒருதரமாவது நடக்கும். உலகம்மாள் விளக்குமாற்றை எடுப்பாள், எடுத்துவிட்டுச் சிரிப்பாள். பலவேசம் மட்டும் கோமுவின் தலையைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார். "இந்தப் பிள்ளை காதுல விழுந்த தொண்டை திரும்ப வராது," என்பார் மனைவியிடம், கோமு போன பிறகு.

சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்களெல்லாம் ஊருக்குப் போன மறுநாள், சுவரில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் அடிக்கிற உச்சிப்பொழுதில், இரண்டிலை விட்டிருந்த வெண்டைப் பாத்தியிலிருந்து பலவேசம் இருமினார். சின்ன இருமல்தான். செடியளவுக்குத்தானே இருமல் வரும். அடுத்து கத்தரியில் தொண்டையைச் செருமினார். பாகல் சுருள் விட்டபோது, "ம்" என்றார். புடலங்கொடி பந்தல் கயிற்றை எட்டிப் பிடித்த அன்றைக்கு, தெளிவாக, "உலகு," என்றார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உலகம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏட்டி கோமு, உன் வாயில சூடு வைக்கணும்ட்டி," என்றாள் சுவரைப் பார்த்து. அவள் குரலில் கோபம் இல்லை. பிழிந்த சேலையை இன்னொரு தரம் பிழிந்தாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் கோமு வாய் நிறைய உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்ட மாங்காயோடு உட்கார்ந்திருந்தாள். குரலையும் கேட்டாள், பதிலையும் கேட்டாள். மாங்காய் கீழே இறங்கவில்லை.

செண்பகவல்லி தோசைத்திருப்பியோடு வந்தாள். "செத்த மனுசன் குரல்லயா விளையாடுத? இந்த வாய் இருந்தால்ல பேசும்," என்று மகளின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்தின கை பொத்தினபடி இருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் பலவேசம், "உலகு, தண்ணி காட்டிட்டியா?" என்றார். செண்பகவல்லி மெதுவாகக் கையை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். உள்ளே போய் ராத்திரிக்கு அரிசி களைந்தாள். அன்றைக்குக் குழம்பில் கொஞ்சம் உப்பு கூடிப்போனது, அவ்வளவுதான்.

காலனி சும்மா விடுமா. ஒவ்வொருவரும் அவரவர் வழியில் கோமுவைச் சோதித்தார்கள். ரிட்டையர்டான கார்டு அருளப்பன் தன் பழைய விசிலைக் கொடுத்து மூச்சு முட்டுகிறவரை ஊதச் சொன்னார். கீரைக்கார முப்பிடாதி, பல்லில் ஒட்டிக்கொள்கிற அல்வாவாகப் பார்த்து வாங்கிவந்து வாயில் திணித்தாள். ஊதும்போதும் குரல் வந்தது, தின்னும்போதும் குரல் வந்தது. எல்லாச் சோதனையும் கோமு வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் ஒரு பொம்பளை பாத்திரம் விளக்குகிற சத்தம் மட்டும். சோதனைகள் முடிந்தபோது கோமு ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். காலனி நம்பிவிட்டிருந்தது.

நம்பின பிறகு பழகிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது. செத்தவர் செடியில் பேசுகிறார் என்பதைவிட, கிணறு வற்றி, லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மனிதர்கள் சுருண்டு விழுகிற அந்த வெயிலில், ஒரு செடிகூட வாடாமல் நிற்கிறதே என்பதுதான் அவர்களுக்குப் பெரிசாக இருந்தது. வைகாசி ஏற ஏறத் தோட்டம் ஏறியது, தோட்டம் ஏற ஏற அவரும் ஏறினார். வெண்டையில் இருமல், கத்தரியில் முணுமுணுப்பு, பூசணியில் குறட்டை, கொத்தவரையில் அவர் வழியனுப்பின வண்டிகளின் நம்பரெல்லாம் கொத்துக்கொத்தாக, அந்திமந்தாரை விரிகிற நேரத்துக்கு, "செங்கோட்டை பாசஞ்சர் அவுட்டர்ல நிக்கு," என்று ஒரு அறிவிப்பு, அதைக் கேட்டுத்தான் காலனிப் பெண்கள் காப்பிக்கு அடுப்பு மூட்டினார்கள். பாகலில் ஏச்சு. சரக்கு வண்டி டிரைவர்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது வேணுமென்றே ஹாரன் அடிப்பார்கள், பாகற்கொடி பந்தலோடு அதிர்ந்து அவர்களைத் திட்டும், அவர்கள் திருப்தியாகத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போவார்கள். மல்லிகையை மட்டும் மொட்டாக இருக்கையிலேயே பறித்துவிடுவது என்று பெண்கள் கூடி முடிவு செய்தார்கள். ஒருநாள் பறிக்காமல் விட்டு, விரிந்த பூவெல்லாம் சேர்ந்து ஒன்றைச் சொல்லி, அதை முப்பிடாதி காதில் வாங்கி, கீரைக் கூடையை மறந்துவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்டவர்களிடம், "புருசன் பொண்டாட்டிகிட்டச் சொல்லுதது. நமக்கென்னத்துக்கு," என்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

காலையில் எதிர்ப்பட்டால், "அண்ணாச்சி இன்னைக்கு எப்படிக் காய்ச்சிருக்காவ?" என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. "நேத்தைக்கு இன்னைக்கு நாலு வார்த்தை கூடுதல்." "புடலை எறங்கிட்டா?" "எறங்கிட்டு. கல்லு கட்டணும், இல்லேன்னா பேச்சு சுருண்டுக்கிடும்." புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் காய் நேராக வளரும், பலவேசத்தின் பிஞ்சுகளுக்கும் கட்டினார்கள், அவர் பேச்சும் நேராக இறங்கியது. உலகம்மாள் காயைப் பறித்து வீட்டுக்கு வீடு கொடுத்தாள். வெண்டைக்காய்ப் பொரியல் தின்ற வீடுகளில் ராத்திரி முழுக்க அத்தனை பேரும் ஒரே இருமலை இருமினார்கள்.

ஆனால் பொழுது சாயும்போது வேறு மாதிரி இருக்கும். வெயில் தணிந்து, தண்டவாளச் சூடு மட்டும் மிச்சமாகி, கடைசி வரிசையில் எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். பயத்தில் இல்லை. கேட்கத் தாங்காமல். பந்தலுக்குள்ளிருந்து பலவேசம் நிதானமாக, "உலகு, சாப்பிட்டியா?" என்பார். உள்ளேயிருந்து உலகம்மாள், "சாப்பிட்டேன்ட்டி. நீ போயிப் படி," என்பாள். கொஞ்ச நேரம் இலை அசையும். "உலகு, முட்டுவலிக்குத் தைலம் போட்டியா?" "போட்டேன்ட்டி, எம்மா. உங்க அம்மை தேடப் போறா, போ." மறுபடி இலை அசையும். அதற்குப் பிறகு குரல் வராது. கத்தரிப் பாத்தி ஓரமாக வந்த அருளப்பனிடம் ஒருநாள் பலவேசம் முணுமுணுத்தாராம்: "பொட்டப்பிள்ளையக் கூப்பிடுத மாதிரி என்னைய ஏட்டிங்கா வே." அருளப்பன் அந்தக் கத்தரிச் செடியின் தண்டைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார். கூட வேலை பார்த்த மனுசன், வேறு என்னதான் செய்வார்.

உலகம்மாள் ஆனி முடிவுக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். புருஷன் வேலையோடு வந்த வீடு, வேலை போனால் வீடும் போகும். ஆபீசில் தன்மையாகத்தான் சொன்னார்கள். அந்த வரிசையை இடித்துவிட்டு இன்னொரு தண்டவாளம் போடப்போகிறார்கள், அது பந்தல் நடுவில்தான் போகும். அவள் தம்பி ஆவுடையப்பன் திருப்பூரில் மூன்றாவது மாடியில் இருந்தான். அங்கே மண் கிடையாது, ஒரு தொட்டி வைக்கக்கூட இடம் கிடையாது. காலனி முழுக்க இதைத்தான் பேசியது: இந்தப் பொம்பளை வேனேறிப் போய்விடுவாள், அந்த மனுசன் இங்கே பேசிக்கொண்டே கிடப்பார், அப்புறம் அவர் மேலேயே ஜல்லியைக் கொட்டுவார்கள், கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

சுவரைத் தாண்டி ஒரு புடலங்கொடி கோமு வீட்டுப் பக்கம் தலையை நீட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு பூ. கோமு வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த வேளையில் அந்தப் பூ, அவள் பிறந்ததிலிருந்து முதல்முறையாக, அவளைக் கூப்பிட்டது.

"ஏ பிள்ளே."

கோமு கையில் மாவோடு நின்றாள்.

"அவகிட்ட நீயாவது சொல்லு."

"என்ன மாமா சொல்லணும்?"

"நான்தான்னு."

அதோடு பூ மூடிக்கொண்டது. சாயங்காலம் பால்காரர் வந்தார். கோமு அவர் குரலில் அவரைக் கூப்பிடவில்லை. பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பால்காரர் ரெண்டு நாளைக்கு இதைப் பற்றியே பேசினார்.

கோமு யோசித்தாள். உலகத்திலேயே இதைச் சொல்லக் கூடாத ஒரு வாய் உண்டென்றால் அது அவளுடைய வாய்தான். ஆகவே வாயில்லாமல் சொல்வது என்று தீர்மானித்து, ஒரு செம்புத் தண்ணீரை வாய்க்குள் ஏற்றிக்கொண்டு, கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி உப்ப, உலகம்மாள் வீட்டு அடுக்களை வாசலில் போய் உட்கார்ந்தாள். வாயைக் காட்டினாள். தோட்டத்தைக் காட்டினாள். காதைக் காட்டினாள்.

"சரி," என்றாள் உலகம்மாள், அரிவாள்மணையை ஒதுக்கிவைத்துவிட்டு. "உன் வாய் அடைச்சிருக்கு. இப்பத் தோட்டம் பேசுதான்னு பாக்கணும். அதான? பாப்போம்."

பார்த்தார்கள். அந்திமந்தாரை விரிந்தது, செங்கோட்டை பாசஞ்சர் தானாக வந்து தானாகப் போனது. வெண்டை இருமவில்லை. சரக்கு வண்டி ஹாரன் அடித்தது, பாகல் பொறுத்துக்கொண்டது. கோமுவின் தலையைக் கண்டால் தொண்டையைத் திறக்காத மனுசன், ஒரே ஒரு பூவில் கூப்பிட்டதோடு சரி, செத்தால் மட்டும் பழக்கத்தை விட்டுவிடுவாரா. பேசினால் தன் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்குப் புரியாமல் இல்லை, இலையெல்லாம் நடுங்கியது. ஆனால் முப்பது வருஷத்துச் சங்கோசம் அவரை விடவில்லை.

"பாத்தியா," என்றாள் உலகம்மாள், கோமுவின் உப்பின கன்னத்தைத் தட்டி. "வாயில தண்ணி இருந்தா உன்னால முடியல."

கோமு தண்ணீரை விழுங்கினாள். பாதி மூக்கில் போனது. "நான் இல்ல அத்தை. மாமாதான்."

"ஆமா, மாமாதான். அச்சு அசல் மாமாதான். எம்புட்டு அழகா வருது உனக்கு."

"காலனியே சொல்லுதுல்ல அத்தை. அருளப்பன் தாத்தா பொய்யா சொல்லுவாவ?"

"காலனியே சேர்ந்துதானட்டி என்னையத் தேத்துதிய. எனக்குத் தெரியாதா? ஒத்தையில கெடக்காளேன்னு ஆளாளுக்கு ஒன்னு செய்தாவ. செண்பகம் குழம்பு கொண்டாரா, நீ குரல் கொண்டார. நானும் நம்புத மாதிரிதான் இருந்துக்கிடுதேன். இல்லன்னா உங்களுக்குச் சங்கடமாயிரும்லா." அவள் மறுபடி அரிவாள்மணையை இழுத்துப் பூசணியைப் பிளந்தாள். பூசணி குறட்டைகூட விடாமல் இரண்டானது. "ஒன்னே ஒன்னுதான் உன்னால ஆகாது. அவுக சிரிப்பு."

"மாமாவா? மாமா சிரிப்பாவளா?"

"கதவைச் சாத்திட்டுச் சிரிப்பாவ. வெளிய சிரிச்சா ஊரு கேலி பண்ணும்னு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு அந்தத் தண்டவாளத்துப் பக்கம் நடந்து போயிருவாவ. அடக்கி வச்சிருந்து வீட்டுக்கு வந்து மொத்தமாச் சிரிப்பாவ. நீ பண்ணின கூத்துக்கெல்லாம் சேத்துத்தான். அந்தக் கல்யாண வீட்டை ஓட விட்டியே, அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல அவுகளுக்கு."

"எப்படிச் சிரிப்பாவ? ஒரே ஒருதரம் செஞ்சு காட்டுங்க."

"காட்டினா நாளைக்கே உன் வாயில இருக்கும். போ ஏட்டி. அது எங்கூடவே வரட்டும்."

இல்லை, அந்தச் சிரிப்பு இப்போதும் வரவில்லை. கோமு காதைத் தீட்டிக்கொண்டு எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தும் வரவில்லை.

வந்தது ஆவுடையப்பன். அக்காவைக் கூட்டிப்போக நாள் குறிக்க வந்தவன், பட்டணத்தில் ரொம்ப நாள் இருந்துவிட்டதால், பந்தலில் தொங்கின குட்டிப் புடலம்பிஞ்சைப் பார்த்து, "அக்கா, அந்தாப் பாரு, என்னமா இருக்கு," என்று ஆள்காட்டி விரலை நீட்டிவிட்டான். வேலியோரம் நின்றவர்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப்போகும் என்பது இடுப்பில் இருக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். காட்டவேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். செண்பகவல்லி அவனைப் பத்து விரலையும் வரிசையாகக் கடிக்கவைத்தாள். கட்டைவிரலையும் விடவில்லை. ஆனாலும் காலையில் அந்தப் பிஞ்சு கறுத்துச் சுருங்கி, கட்டியிருந்த கல்லோடு கீழே கிடந்தது. அதில் நாலு நாளாக ஒரு பேச்சு ஊறிக்கொண்டிருந்ததைக் காலனி கேட்டிருந்தது. "உலகு, நான் இங்கனதான்" என்கிற வரைக்கும் இறங்கியிருந்தது. மீதி இறங்கவில்லை.

அப்புறம் ஆனிக் காற்று. மேற்கே மலையில் சாரல் விழுந்ததும் இங்கே வெறுங்காற்று புழுதியோடு வீசும். கோடைச் செடிக்கு அதோடு ஆயுசு சரி. அடியிலை பழுத்தது, கொடி நார் பாய்ந்தது, வெண்டை முற்றிப் பிளந்தது. பலவேசத்துக்கு முதலில் வண்டி நம்பர்கள் மறந்தன. பிறகு ஏச்சு போனது. டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டு, பதில் வராமல், கொஞ்ச தூரம் திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனார்கள். கடைசியாக "சாப்பிட்டியா" மட்டும் இருந்தது, அதுவும் காய்ந்த இலை உரசுகிற சத்தமாக. ஒருநாள் சாயங்காலம் அதுவும் வரவில்லை.

உலகம்மாள் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் சுவரை எட்டிப் பார்த்தது அந்தக் கோடையில் அதுதான் முதல்தரம்.

"ஏட்டி கோமு. ஏன் நிறுத்திட்ட?"

கோமு எழுந்து சுவர்ப் பக்கம் வந்தாள்.

"பூசணியப் பொளந்தன்னைக்கு நான் ஏதும் சுருக்குன்னு பேசிட்டேனா? மனசுல வைக்காத. நான் போற வரைக்கும் பேசு. திருப்பூர்ல போய் எவ என்னைய உலகுன்னு கூப்பிடப் போறா."

கோமு தொண்டையைச் செருமினாள். மாமா குரல் இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும், எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டே போய் எடுத்த குரல். போய்ப் பார்த்தாள். அந்த இடம் காலியாக இருந்தது. பால்காரர் இருந்தார், அம்மா இருந்தாள், ஸ்டேஷன் அறிவிப்பு இருந்தது. அவர் இல்லை. வாயைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

"வரல அத்தை," என்றாள் தன் சொந்தக் குரலில்.

"சரி விடு," என்றாள் உலகம்மாள். அவள் தலை சுவருக்குக் கீழே இறங்கியது.

வேன் காலையில் வந்தது. கட்டில், பீரோ, குடம், சாக்குச் சாக்காகப் பாத்திரம். ஆவுடையப்பன் கயிறு கட்டினான், கையை முஷ்டியாக மடக்கி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சுட்டிக் காட்டினான். கடைசி வரிசை மொத்தமும் தெருவில் நின்றது, எல்லாரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமல். சொல்லித்தான் பார்த்தாகிவிட்டதே. உலகம்மாள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பின்னாலேயே கோமுவும் போனாள்.

எல்லாம் காய்ந்திருந்தது. பந்தல் கயிற்றில் கொடியில்லை, கொடி மாதிரி ஒன்று இருந்தது. உலகம்மாள் காய்ந்த பாத்திகளுக்கே தண்ணீர் விட்டாள், ஒன்றையும் விடாமல், முறைப்படி. வாளியைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திரும்பினாள். கோமு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அழுமூஞ்சிக் கோமுவை அந்தக் காலனியில் யாரும் பார்த்தது கிடையாது.

"ஏட்டி, என்ன இது. நீ எம்புட்டு நாள் எனக்குச் செஞ்சு காட்டின. போறப்ப நான் உனக்கு ஒன்னு செஞ்சு காட்டுதேன், பாரு."

உலகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். தாடையை உள்ளே இழுத்து, இல்லாத மீசையை இரண்டு பக்கமும் முறுக்கினாள். காலை அகட்டி வைத்து, தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தடிப்பாக்கினாள். அது தடிக்கவில்லை, கரகரத்துக் கீச்சிட்டது, தொண்டை கட்டின கோழி மாதிரி.

"உலகு. எங்கட்டி என் விசிலு? வண்டிக்கு நேரமாச்சு, நீதான எடுத்து ஒளிச்சு வச்ச? அலமாரியில பாரு. அரிசிப் பானையில பாரு. எங்கனயும் இல்லியா?" அவள் விரைத்துக்கொண்டு பந்தலுக்குள் அங்கும் இங்கும் நடந்து, குனிந்து தேடி, சட்டென்று நின்று, உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஓ. வாயிலல்லா இருக்கு."

கோமு முதலில் சிரிக்கவில்லை. மிமிக்ரி அவ்வளவு மோசம். பிறகு தாங்கவில்லை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது பூசணித் தண்டில் ஒரு விக்கல்.

கத்தரிப் பாத்தியில் இன்னொன்று. பிளந்து கிடந்த வெண்டை நெற்றுகளில் ஒன்று, ரெண்டு, நாலு. வறண்ட அடிபம்பை அடிக்கும்போது வெறும் காற்று ஏறி ஏறி இறங்குமே, அந்த மாதிரி தோட்டம் முழுக்க மூச்சு ஏறி ஏறி இறங்கியது. பிறகு தண்ணீர் பிடித்துக்கொண்டது. மெல்லிசாக, கீச்சென்று, தாயைக் காணாத வெள்ளாட்டுக் குட்டி கத்துவதைப்போல ஒரு சிரிப்பு, அத்தனை பெரிய மீசைக்குக் கொஞ்சமும் ஒவ்வாத சிரிப்பு, நிறுத்த நினைத்து நிறுத்த முடியாமல், மூச்சு வாங்கி, மறுபடி கீச்சிட்டு, காய்ந்த கொடியெல்லாம் குலுங்க, முற்றின காய்களுக்குள் விதைகள் கலகலக்க, முப்பது வருஷமாகக் கதவைச் சாத்திச் சாத்திக் காப்பாற்றின சிரிப்பு அந்தக் காலை வெயிலில் பட்டவர்த்தனமாகப் பந்தலை விட்டுத் தெருவுக்குப் போனது. தெருவில் ஆவுடையப்பன் கையிலிருந்த குத்துவிளக்கைக் கீழே போட்டான். அருளப்பன் தொப்பியைக் கழற்றினார்.

உலகம்மாள் மீசை முறுக்கின கை அப்படியே நிற்க, கோமுவைப் பார்த்தாள். கோமுவின் வாய் மேல் கோமுவின் இரண்டு கையும் இருந்தன. கண் மட்டும் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு ஓயவில்லை.

உலகம்மாள் கையை இறக்கினாள். இடுப்பில் செருகின முந்தானையை உருவித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். நனைந்த பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க," என்றாள் பந்தலைப் பார்த்து. "ஒரு கோடை பூராவும் உங்களையா நான் போயிப் படின்னு வெரட்டினேன்?"